பதிமூன்று அடி

பதிமூன்று அடி. எட்டு இல்லை. சாக்கடை போட வந்த மேஸ்திரி டேப்பின் ஒரு முனையை என் கையில்தானே கொடுத்தான். ஜெயலக்ஷ்மியக்கா வீட்டுச் சுவரில் வைத்து அழுத்திப் பிடி என்றான். பிடித்தேன். எதிர்ச்சுவரிலிருந்து பதிமூன்று என்று கத்தினான். பதிமூன்று அடிக்குள் தீயணைப்பு வண்டி வரும். வர இடம் இருந்தது.

விஜி இதை யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாமல் கோஸை நறுக்கிக்கொண்டிருந்தாள். தொம்மலூரில் பழைய ஊருக்கும் ஆபீஸ் கட்டடங்களுக்கும் நடுவில் இருந்தது அவள் சமைக்கும் அந்தப் பெண்கள் பி.ஜி. விடுதி. எண்பத்து நாலு பெண்கள். ராத்திரிச் சாப்பாட்டுக்கு மத்தியானம் மூன்று மணிக்கே உட்கார்ந்தால்தான் ஆகும். வடக்கத்திப் பெண்களுக்குச் சப்பாத்தி, ஆந்திராப் பெண்களுக்குக் காரமாக ஒரு பருப்பு, மிச்சப்பேருக்குச் சோறும் சாறும். சென்னைப் பக்கம் புயல் என்று டிவியில் சொன்னார்கள். அங்கே புயல் என்றால் பெங்களூரில் மூன்று நாளைக்குத் தூறல். சமையலறை ஜன்னலுக்கு வெளியே வானம் காலையிலிருந்து ஒரே நிறத்தில் இருந்தது. கைவிரல்கள் விறைத்துப்போய்க் கத்தி பிடிக்கக் கஷ்டமாக இருந்தது.

மாவு டின்னுக்கு மேலே பிளாஸ்டிக் கவருக்குள் ஒரு காகிதம் இருந்தது. நாலு வரி. கன்னட வார்த்தைகளைத் தமிழ் எழுத்தில் எழுதியிருந்தார்கள், அவளுக்குக் கன்னடம் பேச வரும், படிக்க வராது என்பதற்காக. எங்கள் சந்து எட்டடி அகலம். ஏப்ரல் மாதம் பின்தெரு சோபாப் பஞ்சுக் கிடங்கில் தீப்பிடித்தபோது தீயணைப்பு வண்டி உள்ளே வர முடியவில்லை. கால் உடைந்து மாடியில் படுத்திருந்த என் கணவர் சீனிவாசன் புகையில் மூச்சு முட்டி இறந்துபோனார். இப்படிப்பட்ட இடத்தில் மனிதர்கள் குடியிருக்க விடக்கூடாது என்று கேட்டுக்கொள்கிறேன்.

நாளைக்கு மாநகராட்சி மன்றத்தில் அவள் இதைப் படிக்க வேண்டும். இரண்டு விஷயங்கள் நாளைக்கு மன்றத்துக்கு வருகின்றன. ஒன்று, ஒரு கட்டடக் கம்பெனி பொதுமக்கள் பாதுகாப்புக்காக வார்டுக்குக் கொடுக்கும் நன்கொடை: நாற்பது கேமரா, குறுகலான தெருக்களுக்கென்று ஒரு சின்னத் தீயணைப்பு வண்டி. இரண்டாவது, அவர்கள் சந்து முழுவதையும் குடியிருப்புப் பகுதி என்ற பட்டியலிலிருந்து எடுத்து வணிகப் பகுதியாக மாற்றுவது. மாற்றிவிட்டால் அந்தக் கம்பெனி அங்கே பதினெட்டு மாடி எழுப்பும். சந்தில் முப்பத்து நாலு வீடு. அதில் பதினோரு வீட்டுக்குத்தான் சொந்தக்காரர்கள் உண்டு. மற்றவர்கள் விஜியைப் போல வாடகைக்கு இருப்பவர்கள். அவர்கள் எங்கே போவார்கள் என்பது இரண்டு விஷயத்திலும் இல்லை.

காகிதத்தைக் கொண்டுவந்து கொடுத்தது கம்பெனியில் வேலை பார்க்கும் கிஷோர் என்ற பையன். கோயம்புத்தூர்க்காரன். பி.ஜி.யின் பின்வாசலில் ஷூவைக் கழற்றிவிட்டு, நனைந்த சாக்ஸோடு உள்ளே வந்து, வெங்காய மூட்டையின் மேல் உட்கார்ந்தான். கெட்டவன் என்று அவனைச் சொல்ல முடியாது. கொடுத்த காபியைக் குடித்துவிட்டு டம்ளரைத் தானே கழுவி வைத்தான்.

"ரெண்டே நிமிஷம்க்கா. நீங்க இதைப் படிச்சதும் மேயர் வண்டிச் சாவியக் குடுப்பாங்க. நீங்க வாங்கி டிரைவர் கையில குடுக்கோணும். வண்டி மேல அண்ணன் பேர் எழுதியிருக்கும்."

"அவரு பேரு எதுக்கு தம்பி?"

"இன்னொருத்தருக்கு இப்படி ஆகக்கூடாதுங்கல்ல."

விஜி யோசித்தாள். "அந்தச் சின்ன வண்டி எங்க சந்துக்குள்ள வருமா?"

"தாராளமா வரும்க்கா. அதுக்குன்னே செஞ்சது."

"வரும்னா அப்புறம் நாங்க அங்கயே இருக்கலாமே. எதுக்குக் காலி பண்ணணும்?"

கிஷோர் சிரித்துவிட்டான். அப்புறம் சிரிப்பை நிறுத்திக்கொண்டு சாக்ஸின் நுனியைப் பிழிந்தான். "அது வேற ஐட்டம்க்கா," என்றான்.

"எட்டடின்னு போட்டிருக்கீங்களே."

"படிக்கட்டு, சாக்கடை எல்லாம் கழிச்சா எட்டுதானுங்க வரும். சர்வேயர் எழுதினதுதான். நாங்களா ஒண்ணும் எழுதல."

அவன் போன பிறகு அந்த எட்டை அவள் பலமுறை பார்த்தாள். பார்க்கப் பார்க்க அது அவளுக்குப் பிடிக்க ஆரம்பித்தது. அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

*

கோஸை முடித்துச் சப்பாத்தி மாவைப் பிசைந்துகொண்டிருந்தபோது ஜெயலக்ஷ்மி பின்வாசல் வழியாக வந்தாள். சந்தின் நடுவீட்டுக்காரி. ஜாக்கெட் தைக்கிறவள். அறுபது வயசிலும் கண்ணாடி போடாமல் ஊசியில் நூல் கோர்ப்பாள். குடையை மடக்கி மூலையில் வைத்தவள் கேட்காமலே ஒரு உருண்டையை எடுத்துத் தேய்க்க உட்கார்ந்தாள்.

"எண்பத்தி நாலு பேருக்கு நீ ஒருத்தியா? இந்தப் பொண்ணுங்க ஆளுக்கு ரெண்டு தேய்ச்சுக்கினா இன்னா? கையில ஃபோன ஒட்டிக்கினு பொறந்திருக்குதுங்க."

"தேய்ச்சா மேப்பு மாதிரி வரும்க்கா."

"வரட்டுமே. வாய்க்குள்ள போறதுக்கு வட்டம் இன்னாத்துக்கு?" ஜெயலக்ஷ்மி இரண்டு தேய்த்துப் போட்டாள். "நாப்பது கேமராவாம். தண்ணி வரலன்னு குழாயாண்ட நின்னுக்கினு நாம திட்டறத நல்லாப் புடிக்கும். வாரா வாரம் போட்டுப் பாப்பானுங்க."

விஜி சிரித்தாள். அடுப்பில் பருப்பு பொங்கி வழிந்தது. விஜி எழுந்து தீயைக் குறைத்துவிட்டு வந்தாள்.

"நாளைக்கு இன்னா சொல்லப்போறே?" என்றாள் ஜெயலக்ஷ்மி, பலகையைப் பார்த்துக்கொண்டு.

"எழுதிக் குடுத்ததப் படிக்கச் சொல்றாங்க."

"படிச்சுடு."

விஜி நிமிர்ந்து பார்த்தாள். சந்தை வணிகப் பகுதியாக மாற்றக்கூடாது என்று வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கியவள் ஜெயலக்ஷ்மி. கிருஷ்ணப்பா என்ற வார்டு கார்ப்பரேட்டர் வந்தபோது, என் வீட்டுக்காரர் செங்கல் சுமந்து கட்டின வீடு, கை வைத்துப் பார் என்று அவர் முகத்துக்கு நேரே சொன்னவள்.

"ஊடு போயிடும்க்கா."

"போவட்டும்."

"உனக்கு ரெண்டு ரூம்பு. அதுக்குப் பதிலா எங்கயோ பதினாலாவது மாடியில ஒண்ணு குடுப்பாங்களாம், அதுவும் நாலு வருஷம் கழிச்சு."

"தெரியுது. நீ எட்டடின்னே சொல்லிடு விஜி. குறுகல்னு சொல்லிடு." ஜெயலக்ஷ்மியின் கை தேய்ப்பதை நிறுத்தவில்லை. சப்பாத்தி மெலிந்து பலகையை விட்டு வெளியே போய்க்கொண்டிருந்தது. "பதிமூணுன்னு சொன்னா, அப்புறம் ஏன் வண்டி வரலன்னு கேப்பாங்க. கேட்டா இன்னா சொல்லுவே?"

விஜி அடுத்த உருண்டையைப் பிடித்தாள்.

தீப்பிடித்த அந்தச் செவ்வாய்க்கிழமை, எட்டு நாளைக்குப் பிறகு தண்ணி டாங்கர் வந்திருந்தது. போர்வெல் எல்லாம் வற்றிப்போயிருந்த ஏப்ரல். டாங்கர் வருகிற நாளில் சந்தின் இரண்டு பக்கமும் நீல டிரம்கள் வரிசையாக நிற்கும். டாங்கர் பின்பக்கமாக உள்ளே வந்து, நிரப்பிக்கொண்டே வெளியே போகும். நிரம்பிய டிரம்மை நகர்த்த முடியாது. குடத்தில் மொண்டு மொண்டு வீட்டுக்குள் கொண்டுபோய் ஊற்றி முடிக்க இரண்டு மணி நேரம் ஆகும். அதுவரைக்கும் சந்தில் ஒரு ஸ்கூட்டர் போகத்தான் இடம் இருக்கும். அது அவர்களுடைய வழக்கம். யாரும் குறை சொன்னதில்லை. டாங்கர் போய்ப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. பின்தெருவில் கறுப்பாகப் புகை எழும்பியது. சோபாக் கிடங்கு என்றார்கள். பின்தெருதானே என்று எல்லோரும் மொண்டுகொண்டிருந்தார்கள். கிடங்கின் சுவர் விஜியின் மாடி அறையோடு ஒட்டியிருந்தது அப்போது யாருடைய நினைவுக்கும் வரவில்லை. விஜியின் நினைவுக்கும் வரவில்லை.

தீயணைப்பு வண்டி சந்துமுனையில் வந்து நின்றது. பின்தெருவில் கேபிள் குழி தோண்டியிருந்ததால் இந்தப் பக்கமாக வந்தது. இறங்கி ஓடிவந்தவர் "டிரம் தெகீரி, தெகீரி" என்று டிரம்களை எடுக்கச் சொல்லிக் கத்தினார். கவிழ்த்துவிட்டால் முடிந்தது. ஆனால் ஒருத்தியும் கவிழ்க்கவில்லை.

"முதல்ல கத்துனது நான்தானே," என்றாள் ஜெயலக்ஷ்மி. "ரெண்டே நிமிஷம் சார், மொண்டுக்கறோம் சார்னு. அந்த ஆளு என் டிரம்ம உதைக்க வந்தாரு. நான் கட்டிப் புடிச்சுக்கினேன். குழந்தையக் கட்டிப் புடிக்கிற மாதிரி." அவள் குரல் இறங்கியது. "ஏழு மாசமா சந்துல ஒருத்தி ஒருத்தி மூஞ்சியப் பாத்துப் பேசறதில்ல. நீ பாத்திருப்பே."

"பாத்தேன்."

"இடமே குறுகல்னு ஆயிட்டா, எல்லாத்துக்கும் நல்லது. உனக்கும் நல்லதுதானே விஜி?"

அந்தக் கடைசிக் கேள்வியை ஜெயலக்ஷ்மி மிகவும் பணிவாகக் கேட்டாள். விஜிக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. இத்தனை மாதத்தில் ஒருமுறையாவது வந்திருக்க வேண்டும் என்று நினைத்துப் பார்த்தாள். வரவில்லை. அவளைக் கோபித்துக்கொண்டால் அந்தக் கோபம் அடுத்த வீட்டோடு நிற்காது. வரிசையாகப் போய்க் கடைசியில் தன்னிடம்தான் வந்து நிற்கும்.

"மெலிசாப் போச்சு பாருக்கா, கிழிஞ்சுடும்," என்று சொல்லிச் சப்பாத்தியை எடுத்து மறுபடி உருட்டினாள்.

*

மறுநாள் காலையிலும் தூறல் விடவில்லை. விஜி ரவை உப்பிட்டு கிளறி மகளுக்குத் தட்டில் வைத்தாள். லாவண்யாவுக்கு இருபது வயது. பெரிய ரோட்டில் மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. அம்மாவோடு மன்றத்துக்குப் போக லீவு சொல்லியிருந்தாள். அம்மாவின் புடவைக்கு இஸ்திரி போட்டு நாற்காலியில் விரித்து வைத்திருந்தாள். இப்போது அவர்கள் இருப்பது சந்தின் முன்பக்கத்தில் ஒற்றை அறை. பழைய மாடி அறைக்குச் சொந்தக்காரர் வெள்ளையடித்து வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்.

"இன்னொரு வாட்டி படிச்சுக் காட்டும்மா. நேத்து தீயணைப்புக்கு 'அக்னிஷாமக'ன்னு வர்ற இடத்துல திக்கினே."

"லாவண்யா."

"உம்."

"வண்டி வர இடம் இருந்துச்சு."

"இன்னா வண்டி?"

விஜி சொன்னாள். ஏழு மாதமாகச் சொல்ல முடியாதது ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிட்டது. அடுப்புப் பக்கம் திரும்பி நின்றுகொண்டுதான் சொன்னாள். லாவண்யா அன்றைக்குக் கடையில் இருந்தாள். அவளுக்குச் சந்து குறுகல் என்றுதான் எல்லோரும் சொல்லியிருந்தார்கள். ஏழு மாதமாக அவள் அந்தச் சந்தைத் திட்டிக்கொண்டிருந்தாள். அப்பாவைக் கொன்ற சந்து என்பாள்.

ஸ்பூன் தட்டில் படுகிற சத்தம் நின்றுபோயிருந்தது.

"எவ்ளோ நேரம்?"

"தெரியல. எட்டு நிமிஷம் இருக்கும். பத்தும் இருக்கும். அப்புறம் அவங்களே உதைச்சுத் தள்ளிட்டாங்க."

"நீயும் மொண்டியா?"

"மொண்டேன்."

"எத்தினி கொடம்?"

விஜி திரும்பிப் பார்த்தாள். மகளின் முகத்தில் கோபம் இல்லை. கடையில் வாடிக்கையாளரின் கண் பவரைக் கேட்டு எழுதிக்கொள்ளும்போது இருப்பதுபோல இருந்தது.

"ஆறு."

"ஆறு கொடம்," என்றாள் லாவண்யா. தட்டைக் கீழே வைத்தாள். "அந்தத் தண்ணிய இன்னா பண்ணே?"

இதை யாராவது ஒருநாள் கேட்பார்கள் என்று விஜிக்குத் தெரியும். கேட்கப்போவது மகள் என்று தெரியாது.

"அப்பாவக் குளிப்பாட்டுனது அதுலதான்."

வெளியே யாரோ இட்லிக்கார அம்மாவைக் கூப்பிட்டுச் சில்லறை இல்லை என்று கத்தினார்கள். லாவண்யா எழுந்து போய்த் தட்டில் இருந்ததை அப்படியே கவரில் கொட்டி முடிச்சுப் போட்டாள். முடிச்சு விழவில்லை. மறுபடியும் போட்டாள்.

"உனக்குத் தெரியாதுல்ல. நம்ம ஊட்டுக்குப் புகை போவுதுன்னு உனக்குத் தெரியாதுல்ல?"

"தெரியாது. கொடத்த எல்லாம் கீழ படிக்கட்டாண்டயே வெச்சேன். மேல சீனு இருக்காரேன்னு யாரோ சொன்னாங்க. அப்பத்தான் ஓடுனேன்."

"தெரியாம செஞ்சதுதானே."

"வேற யாரோ ஊடுன்னு நெனச்சேன் லாவண்யா. வேற யாரோ ஊடுன்னா மொள்ளலாமா?"

லாவண்யா நாற்காலியில் இருந்த புடவையை எடுத்து அம்மாவின் கையில் கொடுத்தாள். "போயி அதப் படிச்சுட்டு வந்துடும்மா," என்றாள். "எட்டடின்னு படிச்சுடு. படிச்சுட்டா அதுதான் நெசம்னு ஆயிடும். எனக்கு இது வேணாம். எனக்கு எட்டடிதான் வேணும்." சொல்லும்போதே அவள் குரல் உடைந்தது. தனியாகப் போய் அழ இன்னொரு அறை இல்லை. ஆகவே சுவர்ப் பக்கம் திரும்பி அழுதாள்.

*

மாநகராட்சிக் கட்டடத்துத் தாழ்வாரத்தில் கூட்டமாக இருந்தது. வெள்ளைச் சட்டைகளின் தோள்களில் மழைப் புள்ளிகள். கிருஷ்ணப்பா அவளைக் கண்டதும் இரண்டு கைகளையும் கூப்பிக்கொண்டு வந்தார். பருத்த உடம்பு, நெற்றியில் விபூதி. வார்டில் முக்கால்வாசிப் பேர் தமிழர்கள் என்பதால் தமிழ் அவருக்குச் சரளமாக வரும்.

"பாம்மா விஜி, பா, வா. திண்டி ஆயித்தா, சாப்டியா? ஹெதர்பேடா, பயமே வேணாம். உள்ள எல்லாரும் நம்ம ஜனந்தான்."

"சார், சந்து மாத்தறது இன்னிக்கே முடிவாயிடுமா?"

"ஆயிடும்." அவர் குரலைத் தாழ்த்தினார். "ஓட்டெல்லாம் நேத்தே பேசி முடிஞ்சாச்சு. நீ வந்தா ஒரு கௌரவம், வராட்டியும் ஐட்டம் பாஸ்தான். ஆனா ஜனங்களே கேட்டுக்கிட்டாங்கன்னா நாளைக்கு எவனும் கோர்ட்டுக்குப் போவமாட்டான், பாரு. அதுக்கு. முதல்ல வண்டி, அப்புறம் சந்து. உன் கண்ணத் தொடச்ச கையோட எவன் வேணாம்னு கை தூக்குவான்?" அதை அவர் ஒரு நல்ல சேதி சொல்வதுபோலத்தான் சொன்னார். பக்கத்தில் நின்ற கிஷோர் தரையைப் பார்த்தான்.

அப்படியானால் தான் எதைச் சொன்னாலும் ஒன்றும் ஆகப்போவதில்லை என்று விஜிக்குப் புரிந்தது. அது ஒருவிதத்தில் ஆறுதலாக இருந்தது. ஒன்றும் ஆகப்போவதில்லை என்றால் படித்துவிட்டே போகலாம். ஜெயலக்ஷ்மியக்கா நிமிர்ந்து நடப்பாள். லாவண்யா சாப்பிடுவாள். தானும் தூங்கலாம்.

பார்வையாளர் வரிசையில் லாவண்யா அவளுக்கு இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்தாள். மேலே மின்விசிறிகள் தேவையில்லாமல் ஓடின. ஆட்கள் எழுந்து பேசினார்கள், உட்கார்ந்தார்கள். நாய்களுக்குக் கருத்தடை, ஒரு பார்க்குக்குப் பெயர், பழுதான குப்பை லாரிகள். கேமரா பற்றி ஒருவர் நீளமாகப் பேசினார். அந்த நாற்பதில் நான்கை எங்கள் வார்டுக்குக் கொடுத்தால் என்ன என்று இன்னொருவர் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு கிருஷ்ணப்பா எழுந்து சீனிவாசன் என்ற பெயரைச் சொன்னார். சபை சட்டென்று அமைதியானது. அந்த அமைதியில் தன் கணவனின் பெயர் யாரோ தெரியாத ஒரு பெரிய மனிதரின் பெயர்போல விஜிக்குக் கேட்டது.

அவளை மைக்குக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்கள். மேயரம்மா மேடையை விட்டு இறங்கி வந்து தட்டில் சாவியோடு நின்றார். சாவியில் மஞ்சள் சாமந்தி சுற்றியிருந்தது. போட்டோக்காரர் அவளை ஓர் அடி இடது பக்கம் நகரச் சொன்னார். நகர்ந்தாள்.

காகிதத்தைப் பிரித்தாள். முதல் வரியிலேயே எட்டு இருந்தது. எட்டடி என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டால் அன்றைக்கு யாரும் எதுவும் செய்யவில்லை என்று ஆகிவிடும். சுவர்கள்தான் செய்தன. சுவர்களையும் இடித்துவிடுவார்கள். அதன்பிறகு கேட்க ஆளில்லை. அவளுக்கு அது வேண்டும்போல இருந்தது. தாகம் எடுத்தவள்போல அதை விரும்பினாள். அதற்கு, மாடி அறையில் கட்டுப்போட்ட காலோடு கதவு வரைக்கும் தவழ்ந்து வந்து கிடந்த மனிதனிடம், உன்னிடம் வர வழி இருக்கவில்லை என்று இத்தனை பேர் முன்னால் சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

"ஹேளி அம்மா," என்றார் மேயர் மெதுவாக, அவளைப் பேசச் சொல்லி.

"இதப் படிக்க முடியாது மேடம்," என்றாள் விஜி. கன்னடத்தில்தான் சொன்னாள். "இதுல எழுதியிருக்கறது நடந்ததில்ல."

குரல் மைக்கில் சரியாக ஏறவில்லை. குறிப்பெழுதுகிறவர் பேனாவைத் தூக்கிக்கொண்டு என்ன என்பதுபோலப் பார்த்தார். பின்வரிசையில் யாரோ பரிதாபப்பட்டு 'த்சொ' என்றார்கள். கிருஷ்ணப்பா வேகமாக அருகில் வந்து, பாவம், துக்கம் தாங்கவில்லை என்று மேயரிடம் சொன்னார். மேயரின் கண்கள் கலங்கின. அது நடிப்பு இல்லை.

"பேடாம்மா, படிக்கவே வேணாம்," என்று கிருஷ்ணப்பா அவள் காதருகே சொன்னார். "பேப்பரை நீ படிச்சதாவே எழுதிக்கச் சொல்றேன். நீ சாவியை மட்டும் வாங்கிக்கோ. போட்டோ ஆயிடும், ஊட்டுக்குப் போயிடலாம்."

விஜி லாவண்யா இருந்த பக்கம் பார்த்தாள். லாவண்யா தலை குனிந்திருந்தாள். முகம் தெரியவில்லை. விஜி காகிதத்தை மடித்துக் கிஷோரிடம் நீட்டினாள். அவன் வாங்கிக்கொண்டான். மேயர் தட்டை இன்னும் கொஞ்சம் முன்னால் நகர்த்தினார். போட்டோக்காரர் ஒரு கண்ணை மூடிக்கொண்டார்.

"வேணாம் சார்," என்றாள்.

"உன் ஊட்டுக்காரர் பேருல இருக்கிற வண்டிம்மா. யாரு வேணாம்பாங்க?"

சிரித்த முகம் மாறாமல் கிருஷ்ணப்பா அவள் முழங்கையைத் தொட்டு இன்னொரு முறையும் கேட்டார். விஜி குரலை உயர்த்தாமல் இன்னொரு முறையும் அதையே சொன்னாள்.